பேச்சுக்குப் பிறகு கேள்வியும் கேட்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தரம் 9இல் படிக்கும் என் மகளுக்கு ஒப்படையாக வந்தது மூன்று நிமிடத் தகவல் பேச்சு. தலைப்பு ‘எமது ஊர்’. அவ்வளவுதான். வகுப்பில் பாதிப்பேர் போனில் இருந்து எடுத்த ஒரே பந்தியைப் பாடமாக்கினார்கள். மட்டக்களப்பின் அடைமொழியான ‘மீன்பாடும் தேனாடு’ என்று தொடங்கி, முழங்கி, கைதட்டு வாங்கி முடிந்தது. கேட்ட பிள்ளைக்குப் புதிதாக என்ன தெரிந்தது?

ஊரை விட்டுவிட்டு கல்லடிப் பாலத்தை மட்டும் எடு என்றேன். அங்கேதான் பேச்சு பிடிபட்டது. 1924இல் திறந்த இரும்புப் பாலம், ஆளுநர் மெனிங்கின் மனைவி பெயரில். பக்கத்தில் புதுப்பாலம் 2013இல் வந்தது. பழையதில் ஒற்றை வழி என்பதால் எதிரே வரும் வாகனத்துக்குக் காத்து நின்ற கதையை அவளுடைய அப்பப்பா சொன்னார். துடுப்பை வாவியில் இறக்கி மறுநுனியில் காது வைத்து மீன் பாட்டுக் கேட்பதையும் அவரே சொல்லிக்கொடுத்தார். அது பாலத்துக்கு வெளியே போகிறது, ஆனாலும் வெட்ட மனம் வரவில்லை. எழுதியதை மணிக்கூடு வைத்து வாசித்தால் ஐந்து நிமிடம்! ‘பெருமதிப்பிற்குரிய அவையோரே’ என்ற நீட்டலையெல்லாம் எடுத்தோம். பிறகு முழுவதையும் பாடமாக்காமல், ஆண்டுகளையும் பெயர்களையும் மட்டும் சின்ன அட்டையில் குறித்துக்கொண்டாள்.

தமிழ்மொழித் தினப் போட்டிக்கு முழக்கம் சரி. வகுப்பறையில் வேண்டாமே. ஆசிரியர்கள் தலைப்பைச் சுருக்கிக் கொடுத்து, பேச்சு முடிந்ததும் பிள்ளைகள் இரண்டு கேள்வி கேட்க இடம் விடட்டும். புள்ளியும் அதற்கே போடட்டும்.

ஒரு தாய்,
கல்லடி, மட்டக்களப்பு.