எர்த் பின்னைக் கழற்ற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் தேவாலயப் பாடகர் குழுவிலும் கல்லூரி மேடையிலும் எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கும் பிள்ளைகள் பலர், எஃபெக்ட்ஸ் பெடல்களை (காலால் மிதித்து ஒலியை மாற்றும் சிறு பெட்டிகள்) அடுக்கும் பலகையைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் மேடையில் இரைச்சல் வந்ததும் ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடுவது ஒரு வைத்தியமாகவே பரவியிருக்கிறது. இரைச்சல் குறையலாம். ஆள் போய்விடலாம் என்பதுதான் சிக்கல்.

எர்த் இல்லாத ஆம்ப்ளிஃபயருக்குள் ஒரு வயர் உரசினால் போதும், அதன் உலோகக் கூட்டுக்கு மின்சாரம் வந்துவிடும். அங்கிருந்து ஜாக் வயரின் ஷீல்டு (வெளிச்சுற்று உலோக வலை) வழியாகக் கிட்டார் கம்பிகளுக்கு ஏறும். வாசிப்பவரின் விரல் கம்பியில், உதடு மைக்கில். மைக்கோ மிக்ஸர் வழியாக எர்த்தோடு சேர்ந்திருக்கும். நடுவில் ஆளின் உடல் வழியாக மின்சாரம் பாயும். இரைச்சலுக்கு வேறு வழி உண்டு. ஆம்ப்ளிஃபயர், மிக்ஸர், பெடல் மூன்றுக்கும் ஒரே பிளக் பாயின்டிலிருந்து மின்சாரம் எடுத்தாலே பாதி இரைச்சல் அடங்கும். அதன் பிறகும் மிக்ஸருக்குப் போகும் வழியில் இரைந்தால், 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்ச் உள்ள டிஐ பாக்ஸ் (கருவியை மிக்ஸரோடு இணைக்கும் சிறு பெட்டி) போடலாம். அது ஒலி வயரின் ஷீல்டைத்தான் பிரிக்கும், மின்சார எர்த்தைத் தொடாது.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கிட்டாரை நேரே ஆம்ப்ளிஃபயரில் சொருகுங்கள். அடங்கினால் கோளாறு பெடல் பலகையில். அடங்காவிட்டால் நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பிப் பாருங்கள். ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்தால் அது சிங்கிள் காயில் பிக்கப்பின் (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருளின்) சுபாவம், பலகையைப் பிரித்து மேய்வதில் பயனில்லை.

பலகையில்தான் கோளாறு என்றால், பெரும்பாலும் அடாப்டர். அநேகப் பெடல்கள் கேட்பது 9 வோல்ட் டிசி, நடுமுனை நெகடிவ். வீட்டில் கிடக்கும் ரௌட்டர், சிசிடிவி அடாப்டரின் முனையும் பெரும்பாலும் அதே 5.5-க்கு 2.1 மில்லிமீட்டர்தான், வழுக்கிக்கொண்டு உள்ளே போகும்; ஆனால் நடுமுனை பாசிடிவ், பலவற்றில் 12 வோல்ட் வேறு. துருவம் மாறினால் பெடலுக்குள் காவலுக்கு இருக்கும் டையோடு முதலில் கருகும், சில சமயம் அதோடு நிற்காது. ஐசிஎல்7660 வகை ஐசி (உள்ளே வோல்டேஜை மாற்றித்தரும் சில்லு) உள்ள பெடலுக்கு 12 வோல்ட் கொடுத்தால் உடனே சாகும். அது தாங்குவது 10.5 வரைதான்.

அடுத்தது கணக்கு. ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன் பெடல்கள் பெரும்பாலும் 10 மில்லிஆம்பியர் அளவில் ஓடும். எதிரொலி தரும் டிஜிட்டல் டிலே 50 முதல் 75 வரை, மண்டப முழக்கம் தரும் பெரிய டிஜிட்டல் ரிவெர்ப் 300 வரை இழுக்கும். எல்லாவற்றையும் கூட்டி, அதில் பாதியை மேலே சேர்த்து சப்ளை போடுங்கள். அனலாக் பெடல்கள் நாலைந்து ஒரே சப்ளையில் ஒற்றுமையாக இருக்கும். அதே வயரில் ஒரு டிஜிட்டல் பெடலைச் சேர்த்தால் கீச்சென்று ஒரு சத்தம் வரும். அதன் கிளாக் துடிப்பு பொதுவான நெகடிவ் வயர் வழியே மற்றவற்றின் ஒலிக்குள் ஏறுகிறது. ஆகவே டிஜிட்டலுக்குத் தனி சப்ளை.

சப்ளையை வீட்டில் செய்வதானால் 12-0-12 (நடு வயருக்கு இரு பக்கமும் 12 வோல்ட்), 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். இரு ஓரங்களிலும் ஒவ்வொரு 4007 டையோடு, நடு வயர் நெகடிவ். பிறகு 4700 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் கண்டென்சர். அதையடுத்து வோல்டேஜை 9-இல் நிறுத்தும் 7809 ரெகுலேட்டர், எழுத்து உங்களைப் பார்க்க இடது கால் இன்புட், நடு கிரவுண்ட், வலது அவுட்புட். இன்புட் காலருகே 0.33, அவுட்புட் காலருகே 0.1 மைக்ரோஃபாரட். பிரைமரியில் (டிரான்ஸ்ஃபார்மரின் மின்லைன் பக்கம்) 250 மில்லிஆம்பியர் ஸ்லோ ப்ளோ ஃப்யூஸ். எல்லாம் இரும்புப் பெட்டிக்குள், பெட்டிக்கு எர்த். 300 மில்லிஆம்பியர் ஓடும்போது 7809-இல் 2 வாட் சூடு சேரும், ஹீட் சிங்க் இல்லாமல் தாங்காது.

9-0-9 டிரான்ஸ்ஃபார்மர் போதாதா என்பார்கள். சமவெளியில் சமாளிக்கும். நம் மலையில் மாலை 7 மணிக்கு ஊரே கீசரும் ஹீட்டரும் போடும்போது, லைன் கடைசியில் உள்ள வீடுகளில் 180 வோல்ட்டுக்கு இறங்குவது உண்டு. 7809 ஒழுங்காக வேலை செய்ய 11 வோல்ட்டாவது உள்ளே வர வேண்டும். 180-இல் 9 வோல்ட் சுற்று டையோடைத் தாண்டி 9.2-தான் தரும், ரெகுலேட்டர் கைவிட, 100 ஹெர்ட்ஸ் உறுமல் நேரே பெடலுக்குள். 12 வோல்ட் சுற்று அதே நேரத்தில் 12.6 தரும், 4700 கண்டென்சரில் ஏற்ற இறக்கம் 0.6 போனாலும் 12 மிஞ்சும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் இந்தக் கணக்கும் உதைக்கும்; அந்த அலைக்கு உச்சமே குறைவு.

டிஜிட்டலுக்கென இன்னொரு டிரான்ஸ்ஃபார்மர் வைப்பவர்கள் இரண்டு இடத்தில் தவறுகிறார்கள். 12-0-12-இன் இரு பாதியையும் இரண்டு தனி சப்ளை என்று எண்ணுவது ஒன்று. நடு வயர் பொது, அவை தனி அல்ல. மற்றது, இரண்டு 7809-ஐயும் ஒரே அலுமினியத் தகட்டில் மைக்கா (மின்சாரம் கடத்தாத மெல்லிய தாள்) இல்லாமல் முறுக்குவது. 7809-இன் முதுகுத் தகடு உள்ளே கிரவுண்டோடு சேர்ந்தது. தகடு வழியே இரண்டும் ஒட்டிக்கொள்ள, செலவு வீண்.

பெடலில் சொருகும் முன் மீட்டரின் சிவப்பு முனையை பிளக்கின் நடுவிலும் கறுப்பை வெளிப்புறத்திலும் வையுங்கள். மைனஸ் 9 காட்ட வேண்டும். பிஎன்பி வகை ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் உள்ள ஃபஸ் பெடல்களில் பல பாசிடிவ் கிரவுண்ட், அதாவது மற்றவற்றுக்கு நேர்மாறாக பாசிடிவ்தான் பொது வயர். அவற்றைக் கூட்டத்தில் சேர்க்காமல் தனி 9 வோல்ட் பேட்டரியில் விடுங்கள். (ஜெர்மானியத்துக்கு வெயில் ஆகாது. அந்த வகையில் நம் ஊர் அதற்குச் சொர்க்கம்.)

மின்வெட்டு மிகுந்த மழை மாதங்களில் யுபிஎஸ்-இல் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரியே மேல். பேட்டரி முனையிலேயே 1 ஆம்பியர் ஃப்யூஸ், பிறகு 7809. 200 மில்லிஆம்பியர் இழுத்தால் பாதி சார்ஜில் ஒரு மாலை தாராளமாக ஓடும், குளிரில் சற்றுக் குறையும். சார்ஜரைப் பூட்டிக்கொண்டே வாசித்தால் அதன் இரைச்சல் உள்ளே வரும்.

பலகைக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட். எம்ஆர் தரம் (ஈரத்தை ஓரளவே தாங்குவது) இந்த ஈரத்தில் இதழ் இதழாகப் பிரியும். பிடபிள்யூஆர் (BWR, கொதிநீரையும் தாங்கும் தரம்) என்று கேட்டு வாங்குங்கள். யூக்கலிப்டஸ் மலிவு, காயும்போது முறுக்கிக்கொள்ளும். 60-க்கு 32 சென்டிமீட்டரில் இரு வரிசையாகப் பத்து பெடல் அமரும். வெல்க்ரோ ஒட்டும் முன் வார்னிஷ் அடிக்காவிட்டால் பனிக்காலத்தில் பசை கழன்றுவிடும். டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியைப் பலகைக்கு அடியில் திணிக்காமல் ஒரு மீட்டர் தள்ளித் தரையில் வையுங்கள். 'வா' (wah) பெடலுக்குள் உள்ள கம்பிச்சுருள் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தை அப்படியே உறிஞ்சும்.

மண்டபம் நடத்துவோருக்கும் கோடை விழா மேடை போடுவோருக்கும் ஒரு வேண்டுகோள். நிகழ்ச்சிக்கு முன் எலக்ட்ரீஷியனை அழைத்து ஒவ்வொரு மூன்று பின் சாக்கெட்டிலும் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். ஃபேசுக்கும் நியூட்ரலுக்கும் இடையே என்ன காட்டுகிறதோ, ஃபேசுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய அதுவே வர வேண்டும். 100, 120 என்று தள்ளாடினால் எர்த் வயர் எங்கோ அறுந்திருக்கிறது. சரிசெய்யும்வரை அந்தச் சாக்கெட்டை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
மேடை ஒலி அமைப்பாளர்கள் சிலர்,
குன்னூர்