இங்கேயும் ஒரு கடைமடை இருக்கிறது, அப்பா

ஃபீனிக்ஸ், அரிசோனா
27 அக்டோபர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "பாலைவனத்தில் ஏழு நாள் சுற்றி என்ன பார்த்தாய்?" என்று கேட்டீர்கள். வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த களைப்பில், "கல்லும் மண்ணும்தான்" என்று சொல்லிவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. உங்களிடம் போய் அப்படி ஒரு பதில் சொன்னோமே என்று மனம் அடித்துக்கொண்டது. இந்தப் பயணத்தில் உங்களை நினைக்காத நாள் இல்லை. ஏழு நாளும் எங்கள் பேச்சு தண்ணீரைச் சுற்றியே இருந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அம்மா கேட்பாள். நாங்கள் நான்கு பேர்: கோவில்பட்டி அண்ணன், அண்ணி, என்னோடு வேலை பார்க்கும் நெல்லூர்ப் பெண், நான். வாடகைக்கு எடுத்த மோட்டார் ஹோம் 25 அடி நீளம். உள்ளே எரிவாயு அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, சின்னக் குளியலறை எல்லாம் உண்டு. ஓட்டுகிறவரின் தலைக்கு மேலே பரண் போல ஒரு படுக்கை. பாதித் தூரம் நான்தான் ஓட்டினேன். டிராக்டரில் டிரெய்லரை மாட்டிப் பின்னால் எடுக்கும்போது, "வண்டியைப் பார்க்காதே, பின்சக்கரத்தைப் பார்" என்று களத்தில் நின்று கத்துவீர்களே, அந்தப் பாடத்தில்தான் முகாம்களில் வண்டியை ஒடுக்கமான இடங்களில் நிறுத்தினேன்.

வண்டிக்குள் மூன்று தொட்டிகள். நல்ல தண்ணீருக்கு ஒன்று, கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று. நல்ல தண்ணீர்த் தொட்டி கிட்டத்தட்ட 150 லிட்டர் பிடிக்கும். நாங்கள் முதலில் தங்கியது கிராண்ட் கேன்யனின் தெற்குக் கரையில், குழாய் இணைப்போ மின் இணைப்போ இல்லாத முகாமில். இரண்டாம் நாள் காலையில் நான் தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது தண்ணீர் நின்றுவிட்டது. நான்கு பேருமாக ஒரே நாளில் தொட்டியைத் தீர்த்திருந்தோம்.

அன்றிலிருந்து தண்ணீர்ப் பொறுப்பை அண்ணி எடுத்துக்கொண்டார். கரிசல் காட்டில் வளர்ந்தவர். ஒரு சொம்பை வைத்து அளந்தார்: பல் துலக்க இவ்வளவு, முகம் கழுவ இவ்வளவு என்று. அரிசி களைந்த கழுநீரில் தட்டுகளை முதல் அலசு அலசி, அப்புறம்தான் நல்ல தண்ணீர். நம் வீட்டில் கழுநீர் மாட்டுக்குப் போகும். அதில் பாத்திரம் விளக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கடைசி நாட்களில் அதே 150 லிட்டர் எங்களுக்கு மூன்று நாள் வந்தது. கழிவுத் தொட்டிகளைக் காலி செய்யும் வேலை என்னுடையது. முதலில் கழிப்பறைத் தொட்டி, பிறகு கழுவிய தண்ணீர்த் தொட்டி. அப்போதுதான் இரண்டாவது தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். ஒரு மனிதர் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீரை அழுக்காக்குகிறார் என்பது அந்தக் குழாயைக் கையில் பிடித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

கிராண்ட் கேன்யனை எப்படிச் சொல்வது? விடியும் நேரத்தில் விளிம்பில் நின்றோம். பூமி கண்ணுக்கெட்டியவரை பிளந்து கிடக்கிறது. 446 கிலோமீட்டர் நீளம், அகலமான இடத்தில் 29 கிலோமீட்டர், ஆழம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல். அத்தனையையும் அறுத்த கொலராடோ ஆறு அடியில் ஒரு நூல் போல ஓடுகிறது. சில இடங்களில் நின்றால் அதுவும் தெரியாது. அம்மாவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: பள்ளத்துக்குள் நிற்கும் குன்றுகள் கோபுரம் போல அடுக்கடுக்காக ஏறுகின்றன. 1880களில் இந்த இடத்தை ஆராய்ந்த கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியல் அறிஞர் அவற்றில் ஒன்றுக்கு விஷ்ணு கோயில், ஒன்றுக்குச் சிவன் கோயில் என்று பெயர் வைத்தார். பிரம்மாவுக்கும் ஒரு குன்று இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில், ஆற்றை ஒட்டிக் கிடக்கும் கரும்பாறையின் பெயரும் விஷ்ணுதான். அதன் வயது 170 கோடி ஆண்டுக்கு மேல். ஆற்றங்கரையில் பள்ளிகொண்ட பெருமாள் என்று அம்மா உடனே கைகூப்புவாள்.

அந்த ஆறு காலடியில் ஓடினாலும் தெற்குக் கரைக்காரர்களுக்கு அதன் தண்ணீர் எட்டாது. எதிர்ச்சுவரில் இருக்கும் ஊற்று ஒன்றிலிருந்து, பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏறும் ஒற்றைக் குழாயில்தான் குடிநீர் வருகிறது. 1960களில் போட்ட குழாய், அடிக்கடி உடைகிறது. இந்த ஆகஸ்டு கடைசியில் உடைந்தபோது விடுதிகளில் யாரும் தங்க முடியாமல் சில நாள் மூடவேண்டி வந்தது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு அண்ணியின் சொம்புக் கணக்கை நாங்கள் யாரும் மீறவில்லை.

அங்கிருந்து கிழக்கே போனால் நவஹோ என்ற பூர்வகுடி மக்களின் நிலம். அவர்கள் தங்களை டினே என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஏறத்தாழ 70,000 சதுர கிலோமீட்டர், இலங்கையைவிடப் பெரியது. மானுமென்ட் வேலியின் செக்கச்சிவந்த குன்றுகளை நாங்களும் படம் எடுத்தோம், தம்பியின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். அவர்களுடைய பழைய முறை வீடுகளின் வாசல் கிழக்குப் பார்த்தே இருக்கும் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் என் மனத்தில் நிற்பது ஒரு பெட்ரோல் பங்க். டீசல் போட நிறுத்தியிருந்தோம். பக்கத்தில் ஒரு பெரியவர், பிக்கப் வண்டியின் பின்புறம் வைத்த வெள்ளை பிளாஸ்டிக் தொட்டியில் குழாயை விட்டுத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார். எட்டு ஒன்பது வயதுப் பேத்தி தொட்டியின் மேல் உட்கார்ந்து, எவ்வளவு ஏறியது என்று எட்டிப்பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டேன். வீட்டுக்கும் ஆடுகளுக்கும் என்றார். வீடு எவ்வளவு தூரம் என்றேன். முக்கால் மணி நேரம் என்றார். வாரத்துக்கு இரண்டு முறை வருவாராம். அந்த நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது அப்பா. அவர்கள் நிலத்தின் மேற்கு எல்லையே கொலராடோ ஆறுதான். 1868ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைக் காட்டி, தங்களுக்கு வேண்டிய தண்ணீரைப் பெற்றுத்தரும் கடமை அரசுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். போன வருடம் ஐந்து நீதிபதிகள் இல்லை என்றார்கள், நான்கு பேர் உண்டு என்றார்கள். தோற்றுவிட்டார்கள். நாங்கள் நான்கு பேர் உல்லாசமாகச் சுற்ற 150 லிட்டரை நிரப்பிக்கொண்டு அந்தப் பெரியவருக்குப் பக்கத்தில் நின்றது எனக்குக் கூச்சமாக இருந்தது.

அடுத்து பேஜ் என்ற ஊர். கிளென் கேன்யன் அணையில் வேலை செய்தவர்களுக்காக 1957இல் உண்டான ஊர் அது. அணையைப் பார்த்தால் நீங்கள் நாள் முழுக்க நகரமாட்டீர்கள். 710 அடி உயரம். 1963இல் நீரைத் தேக்கத் தொடங்கி, ஏரி முதன்முதலாக நிரம்ப 1980 ஆயிற்று. கட்டியபோது அதன் கொள்ளளவு ஏறத்தாழ பன்னிரண்டு மேட்டூர்! இப்போது பாதிகூட இல்லை. ஏரியைச் சுற்றிச் சிவப்புப் பாறையில் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை ஓடுகிறது. முன்பு தண்ணீர் நின்ற உயரத்தின் தடம் அது. நிறைமட்டத்துக்கு இன்னும் எத்தனை அடி என்று கணக்குப் பார்த்தேன்: ஏறத்தாழ 120. எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. 120 என்றால் நம் வீட்டில் மேட்டூர் அணை நிரம்பிவிட்டது என்று பொருள். ரேடியோவில் அந்த எண்ணைக் கேட்டதும் நீங்கள் எழுந்து வாசலுக்குப் போய் நிற்பீர்கள். இங்கே அதே 120 அடி வெறும் பாறையாக நிற்கிறது.

பேஜுக்குப் பக்கத்தில் ஆன்டிலோப் கேன்யன். நவஹோ வழிகாட்டி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. இரண்டு கை விரித்தால் தொடுகிற அளவுக்குச் சில இடங்களில் ஒடுக்கம். சுவரெல்லாம் அலை அலையாக, ஓடிக்கொண்டிருந்த வெள்ளம் அப்படியே கல்லாகிவிட்டது போல இருந்தது. அந்த அலைகளைச் செதுக்கியது மழைக்காலக் காட்டாறு. 1997 ஆகஸ்டு 12 அன்று தலைக்கு மேல் பெரிதாக மழை இல்லாதபோதே, பல மைல் தள்ளிப் பெய்த மழை பாய்ந்துவந்து பதினோரு பயணிகளைக் கொண்டுபோய்விட்டது. எங்களை அழைத்துப்போன டினே பெண் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

பிரைஸ் கேன்யனில் ஒரே ஓர் இரவு. எட்டாயிரம் அடி உயரம், கடுங்குளிர், காலையில் தண்ணீர்க் குழாய் உறைந்து கட்டையாகிவிட்டது. உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேகவே இல்லை, ரசத்தோடு முடித்துக்கொண்டோம். அங்கே நிற்கும் ஆயிரக்கணக்கான கல்தூண்களும் தண்ணீரின் வேலைதான். விரிசலில் இறங்கிய நீர் இரவில் உறைந்து விரிந்து, பகலில் உருகி, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கிறது.

வீடு திரும்பிக் குழாயைத் திறந்தேன். அந்த ஆற்றின் தண்ணீரும்தான் இங்கே வருகிறது. 336 மைல் கால்வாயில், மேட்டில் ஏற்றி ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். 1922இல் ஏழு மாநிலங்கள் இந்த ஆற்றைப் பங்கு போட்டன. நல்ல மழை பெய்த வருடங்களை வைத்துக் கணக்குப் போட்டதால், ஆற்றில் ஓடுவதைவிடக் காகிதத்தில் ஓடும் தண்ணீர் அதிகம். நவஹோ மக்களை அந்தப் பேச்சில் உட்காரவைக்கவில்லை. ஆறு கடைசியில் மெக்சிகோவுக்குள் போகிறது. பெரும்பாலான வருடங்களில் கடலை எட்டுவதில்லை. 2014இல் இரண்டு நாடுகளும் பேசி, எட்டு வாரம் தண்ணீர் விட்டார்கள். மெக்சிகோ எல்லை ஊரில் மணலாகக் கிடந்த ஆற்றில் தண்ணீர் வந்தபோது சனங்கள் எல்லாம் இறங்கி நின்ற படங்களைப் பார்த்தேன். குழந்தைகள் தண்ணீருக்கு நடுவே ஆடிக்கொண்டிருந்தார்கள். நம் வாய்க்காலில் முதல் தண்ணீர் நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு வரும்போது அதற்கு முன்னால் நான் ஓடுவேனே, நீங்கள் மண்வெட்டியோடு பின்னால் வருவீர்களே, அது நினைவுக்கு வந்தது.

இந்த வருடம் ஜூன் 12இல் மேட்டூரைத் திறக்கவில்லை, ஜூலை 28இல்தான் திறந்தார்கள். கல்லணைக் கால்வாயில் நம் பேராவூரணிப் பக்கம் தண்ணீர் எப்போது வந்தது? போனில் கேட்டால் "வந்துகொண்டிருக்கிறது" என்று மட்டும் சொல்கிறீர்கள். நான் கல்லும் மண்ணும் என்று சொன்ன மாதிரிதான் அதுவும். கடைசி மதகைத் தாண்டி எத்தனை வயல் நனைந்திருக்கிறது, எத்தனை நடவு பாக்கி என்று சரியாகச் சொல்லுங்கள் அப்பா.

அன்புடன்,
உங்கள் மகள்