ஏழாம் நாளில் தீர்ப்பு வேண்டாம்

ஆசிரியருக்கு,

கரியமில வாயுவைக் குறைக்கும் சிமென்ட் என்று பேச்செடுத்தாலே, "பலம் இருக்குமா?" என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கான்கிரீட் போட்ட ஏழாம் நாளில் செய்யும் பலச் சோதனையை மட்டும் பார்த்துவிட்டு ஒதுக்குவது சரியில்லை.

சாதாரண சிமென்டுக்காகச் சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் வரை சுடுகிறார்கள். வெளியேறும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் அந்தக் கல்லிலிருந்தே வருகிறது. எரிபொருளை மாற்றினால் மட்டும் போதாது, சுட்டுக் கிடைக்கும் 'கிளிங்கர்' என்ற கட்டியின் அளவையே குறைத்து, அந்த இடத்தில் நிலக்கரிச் சாம்பல் போன்றவற்றைச் சேர்க்க வேண்டும்.

நிலக்கரிச் சாம்பலை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் குட்டிக் குட்டிக் கண்ணாடி உருண்டைகளாகத் தெரியும். சிமென்டும் தண்ணீரும் சேரும்போது உண்டாகும் சுண்ணாம்போடு இவை மெதுவாக வினைபுரிந்து, கான்கிரீட்டின் நுண்துளைகளை நிரப்பும் பசையாகின்றன. துளைகள் சிறுத்தால் உப்பு உள்ளே போய்க் கம்பியைத் தொடுவதும் தாமதமாகும், துருவும் தள்ளிப்போகும். இந்த வேலை, வழக்கமாகப் பலத்தை அளக்கும் 28 நாட்களுக்குப் பிறகும் நடந்துகொண்டே இருக்கிறது.

ஈரம் காய்ந்துவிட்டால் வினை நின்றுபோகும். கான்கிரீட்டின் மேல் போட்ட நனைத்த சாக்கை இரண்டாம் நாளே எடுத்துவிட்டு, அப்புறம் சாம்பலைக் குறை சொல்கிறோம். இத்தகைய கலவைகளுக்கு 56 அல்லது 90 நாள் பலத்தை ஒப்பந்தங்கள் ஏற்க வேண்டும். தண்ணீர் விடும் நாட்களையும் கூட்டி எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கட்டுமானப் பொறியாளர்