அணையில்லாத பாறையை முதலில் ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள்

அணைப் பாதுகாப்பு மறுஆய்வுக் குழுவினருக்கு வணக்கம்.

நிலநடுக்கக் கணினி ஆய்வறிக்கை உங்கள் கைக்கு வரும்போது, தகைவை (பொருளுக்குள் ஓரலகுப் பரப்பில் எழும் விசையை) வண்ணத்தில் காட்டும் படங்களைப் புரட்டுமுன் ஒரு வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். அணையையும் நீரையும் நீக்கிவிட்டு, அடித்தளப் பாறையை மட்டும் அதே அதிர்வால் ஆட்டினால் மேற்பரப்பில் கிடைக்கும் அசைவு எது? ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிலநடுக்கப் பதிவோடு அது பொருந்தாவிட்டால், பின்னால் வரும் எந்த எண்ணும் நம்பத்தக்கதல்ல.

பிழை நுழையும் வழி எளியது. மேலேறும் அலை தரைமட்டத்தில் பட்டுத் திரும்பும்போது அசைவு இருமடங்காகிறது. கருவி பதிவதோ அந்த இருமடங்கை. அதையே கணினி மாதிரியின் அடியில் ஏறும் அலையாகக் கொடுத்தால் அணை தேவைக்கு இருமடங்கு ஆட்டப்படும். மாதிரியின் அடியில் அலையைத் திருப்பாமல் உறிஞ்சும் எல்லை வைத்திருந்தால், அங்கே செலுத்த வேண்டிய தகைவு 2 × பாறையின் அடர்த்தி × எஸ் அலை (குறுக்கலை) பரவும் வேகம் × ஏறும் அலையால் பாறைத் துகள் அசையும் திசைவேகம். அந்த 2 விட்டுப்போவதும் உண்டு. வெறும் பாறையை ஆட்டினால் இரண்டு தவறுமே உடனே அகப்படும். மாதிரியைச் சிறு கூறுகளாகப் பிரிக்கும் வலையின் அளவும் அங்கேயே தெரிந்துவிடும்: எஸ் அலை நொடிக்கு 2000 மீட்டர், பார்க்க வேண்டியது 25 ஹெர்ட்ஸ் வரை என்றால் அலைநீளம் 80 மீட்டர், அதைப் பத்தாகவாவது பிரிக்க, கூறு 8 மீட்டரைத் தாண்டக் கூடாது.

பாறைக்கு நிறையே இல்லை என்று கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. பலர் அந்த வழிக்குப் போவது அதனால்தான். ஆனால் அணையிலிருந்து பாறைக்குள் கலைந்துபோக வேண்டிய ஆற்றலுக்கு வழி அடைபடுகிறது, தகைவு ஏறுகிறது, அதை இறக்க டேம்பிங்கை (அதிர்வைத் தணிக்கும் அளவை)க் கூட்டுகிறார்கள். 5% என்று எழுதியிருந்தால், கான்கிரீட்டுக்கு மட்டுமா, முழு அமைப்புக்குமா என்று கேளுங்கள். விரிசல் விட்ட பிறகும் தொடக்க விறைப்பைக் கொண்டே டேம்பிங் கணக்கிட்டால், திறந்த விரிசலின் குறுக்கே பொய்யான விசை ஒன்று இழுத்துப் பிடிக்கும். சேதம் குறைவாகத் தெரியும். எங்களை மிகவும் கவலைப்படுத்தும் பிழை இதுதான்.

நீருக்குக் கூடுதல் நிறை வாய்பாடு (நீரை அணையோடு ஒட்டி அசையும் நிறையாகக் கொள்வது) போதும் என்றிருந்தால், அது நீரை அமுங்காததாகவும் அணையை வளையாததாகவும் கொள்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

கடைசியாக, மென்பொருளை மகாராஷ்டிரத்தின் கொய்னா அணையை வைத்துச் சோதித்தார்களா என்றும் கேளுங்கள். 1967 டிசம்பர் 11 அன்று நேர்ந்த நிலநடுக்கத்தில், 103 மீட்டர் உயரமுள்ள அந்த அணையில், கீழ்ப்புறச் சரிவு சட்டென மாறும் மட்டத்தையொட்டி இரு முகங்களிலும் விரிசல் விழுந்தது. அதிர்வுப் பதிவும் கிடைக்கிறது. அந்த விரிசலை அதே மட்டத்தில் காட்டாத மாதிரியைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அணை அதிர்வுக் கணக்கீட்டில் பணிபுரியும் பொறியாளர்கள்