விளிம்பைக் காட்டுங்கள்: போர்ப் பதக்கம் ஏலம் விடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மன் பதக்கங்களை இணையத்தில் ஏலம் விடும் எல்லோருக்கும் வணக்கம்.

போன வருடம் உங்களில் ஒருவரிடம் 1939ஆம் ஆண்டு முதல் வகுப்பு இரும்புச் சிலுவை என்ற வீரப் பதக்கம் ஒன்றை வாங்கினேன். யாரிடம் என்று சொல்லப்போவதில்லை, அவர் செய்ததைத்தான் உங்களில் பலரும் செய்கிறீர்கள். 'போர்க்கால அசல், நல்ல நிலை' என்று ஒரு வரி, வெல்வெட் துணிமேல் சாய்த்து வைத்து எடுத்த ஒரே ஒரு முன்பக்கப் படம், கூடவே வீரரின் பேரன் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தார் என்று ஒரு கதை. பாதிக் காசை அந்தக் கதைக்குத்தான் கொடுத்திருக்கிறேன் என்று பொட்டலத்தைப் பிரித்த அன்றே தெரிந்துவிட்டது.

அசல் சிலுவை மூன்று துண்டு. நடுவில் கறுப்புப் பூச்சிட்ட இரும்புத் தகடு, அதை முன்னும் பின்னும் கவ்விப் பிடிக்கிற இரண்டு வெள்ளிநிறச் சட்டங்கள், சட்டங்கள் சேரும் இடத்தில் விளிம்பைச் சுற்றிப் பற்றவைத்த கோடு. நல்ல பட்டறைகள் அந்தக் கோட்டை அரத்தால் ராவி மறைத்திருப்பார்கள், ஆனாலும் பத்து மடங்கு லென்ஸை வைத்துச் சிலுவையின் கைகள் சந்திக்கிற உள்மூலைகளில் பார்த்தால் பெரும்பாலும் எங்காவது அகப்படும். தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே மயிரிழை இடுக்கு இருக்கும், எண்பது வருட அழுக்கு அதில்தான் உட்கார்ந்திருக்கும். என்னிடம் வந்ததில் கோடும் இல்லை, இடுக்கும் இல்லை, மொத்தமும் ஒரே வார்ப்பு. கறுப்புப் பெயின்ட் சட்டத்தின் மேல் வழிந்து காய்ந்திருந்தது. சட்டத்தில் வரிசையாக ஓடவேண்டிய மணிகள் கரைந்த கற்கண்டு மாதிரி மழுங்கிப்போய், நடுநடுவே குண்டூசி முனையளவு குழிகள். உருக்கி ஊற்றும்போது காற்றுக் குமிழி விட்டுப்போன குழி அது. எஃகு அச்சில் அடித்த சட்டத்தில் அப்படி வராது.

காந்தம் ஒட்டவில்லை என்று எழுதினேன். 'காந்தம் ஒட்டாத அசல்களும் உண்டு' என்று பதில் வந்தது. உண்டுதான், பித்தளைத் தகடு போட்டவை இருக்கின்றன. ஆனால் அவையும் சட்டத்துக்குள் பொருத்தியவையே தவிர ஒரே கட்டியாக வார்த்தவை அல்ல, அதற்குப் பதிலே இல்லை. அப்புறம் இதே நியாயம் மறுபக்கமும் வெட்டும் என்பதை ஏன் மறக்கிறீர்கள்? இன்றைக்குப் போலி செய்கிறவனுக்கும் இரும்புத் தகடு கிடைக்கும், ஆகவே காந்தம் ஒட்டியது என்று மட்டும் போட்டு அசல் என்று விற்கவும் முடியாது. புற ஊதா விளக்கும் அப்படித்தான். இரண்டாம் வகுப்புச் சிலுவையைத் தொங்கவிடும் நாடா நீலமாகப் பளிச்சிட்டால் நூலில் பிற்கால வெளுப்பு ரசாயனம் இருக்கலாம், சந்தேகப்படலாம். பளிச்சிடாவிட்டால் ஒன்றுமே நிரூபணமாகாது, வெளுக்காத பருத்தி இன்றைக்கும் கிடைக்கிறது. அசல் நாடாவில் போலிச் சிலுவையைக் கோர்ப்பது ஐந்து நிமிட வேலை. இரண்டாம் வகுப்புச் சிலுவையின் வளையத்தில் 65 என்ற எண் இருந்தால் உடனே ஈடார்-ஓபர்ஷ்டைன் ஊரின் கிளைன் உண்ட் குவென்ஸர் தயாரிப்பு என்று தடித்த எழுத்தில் போடுகிறீர்கள். வளையத்தையும் கழற்றி மாட்டலாம், ஐயா.

எனக்கு வார்ப்புப் போலியைவிடப் பெரிய கோபம் வேறொன்றில். 1957இல் மேற்கு ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது: பழைய வீரர்கள் போர்ப் பதக்கத்தை அணியலாம், நாஜிச் சின்னமான ஸ்வஸ்திகா அதில் இருக்கக்கூடாது. அதற்காகவே ஸ்வஸ்திகா இருந்த இடத்தில் ஓக் இலைகள் வைத்த சிலுவைகளை லூடென்ஷைட் ஊரின் ஸ்டைன்ஹவர் உண்ட் லுக் போன்ற நிறுவனங்கள் முறைப்படி செய்தன. அவை போலி இல்லை, அவற்றுக்கென்று ஒரு வரலாறு உண்டு, சேகரிப்பவர்களும் உண்டு. சிக்கல் என்னவென்றால் போர்க்காலப் பட்டறைகள் சில போருக்குப் பிறகும் ஓடின, சேகரிப்பவர்கள் கேட்டதால் ஸ்வஸ்திகாவோடும் பிற்பாடு அடித்தார்கள். வியன்னாவின் சூவால் நிறுவனம் இதற்குப் பேர்போனது. அதே அச்சு, அதே மூன்று துண்டு, லென்ஸில் பார்த்தாலும் தடுமாற வைக்கும். அங்கே பார்க்கவேண்டியது அச்சில் காலப்போக்கில் விழுந்த விரிசலின் தடம், பின்பக்க ஊசியும் கீலும், பூச்சின் தன்மை. இதையெல்லாம் பார்த்துச் சொல்ல உங்களிடம் ஆள் இருக்கிறது, எனக்குத் தெரியும். 'போருக்குப் பிந்தைய அடிப்பு' என்று எழுதினால் விலை சரிந்துவிடும் என்றுதான் எழுதமாட்டேன் என்கிறீர்கள். இரும்புச் சிலுவையின் உயர்நிலையான நைட்ஸ் கிராஸ் பெற்றவர்கள் ஏறத்தாழ 7,300 பேர்தான், உங்கள் பட்டியல்களை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தால் அது அரிய பொருள் என்றே தோன்றாது!

தேய்மானத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். சட்டையில் கிடந்த சிலுவை ஸ்வஸ்திகாவின் மேடு, ஆண்டு எண், கைகளின் ஓரம் என்று உரசுகிற இடத்தில் மட்டும் தேயும். அமிலத்தில் முக்கிப் பழசாக்கியது பள்ளத்திலும் மேட்டிலும் ஒரே அளவுக்குக் கறுத்திருக்கும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு சிலுவைக்கும் விளிம்பை நேராக எடுத்த படம் ஒன்று, ஊசி தெரிகிற பின்பக்கப் படம் ஒன்று, எடை, காந்தம் ஒட்டியதா இல்லையா. சந்தேகம் இருந்தால் சந்தேகம் என்றே எழுதுங்கள். பேரன், பரண் எல்லாம் வேண்டாம், பெயரோடு கூடிய விருதுச் சான்றிதழோ படைவீரர் கையேடோ இருந்தால் மட்டும் குடும்பக் கதை சொல்லுங்கள்.

என் சிலுவையைத் திருப்பி எடுக்க மாட்டோம், 14 நாள் கெடு முடிந்துவிட்டது என்றார்கள். சரி. பின்பக்கம் ஊசிக்குக் கீழே 'நகல்' என்று ஆணியால் ஆழமாகக் கீறி வைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு யாராவது அதை உங்களிடம் கொண்டுவந்தால், அந்தப் பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள்.