காது கேளாத மாணவர்களுக்குக் கல்லூரி வகுப்பறையில் சைகை மொழி உதவி கோரும் மனு

அனுப்புநர்: மாணவி ஒருவரின் தாய், சாட்ஸ்வொர்த், டர்பன்.

பெறுநர்: மாண்புமிகு உயர்கல்வி, பயிற்சித் துறை அமைச்சர் அவர்கள், பிரிட்டோரியா.

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கு, வணக்கம்.

என் மகள் பிறவியிலேயே காது கேளாதவள். பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக்கில் தென்னாப்பிரிக்கச் சைகை மொழியைப் பாடமாக எடுத்துத் தேறினாள். இப்போது டர்பனில் ஒரு அரசுத் தொழிற்கல்லூரியில் கணக்கியல் படிக்கிறாள். பள்ளியில் ஆசிரியர்கள் கையால் பேசினார்கள். இங்கே அவளுக்கென்று சைகை மொழிபெயர்ப்பாளர் யாரும் இல்லை.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்கிறார்கள். படம் என்றாலும் மடம் என்றாலும் உதடு ஒரே மாதிரிதான் அசைகிறது. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தால் தெரியும். அதிலும் ஆசிரியர் பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசினால் அந்த உதடும் இல்லை. பின் வரிசையில் ஒரு பையன் ஏதோ சொல்ல, வகுப்பே சிரித்து முடித்த பிறகுதான் இவள் திரும்பிப் பார்க்கிறாள். இதை அவள் சொல்லி நான் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கல்லூரியில் இரண்டு முறை நேரில் கேட்டேன். ஆள் இல்லை, பணம் இல்லை என்றார்கள்.

2023 ஜூலை 19 அன்று அதிபர் சிரில் ராமபோசா கையெழுத்திட்டதும் சைகை மொழி நம் நாட்டின் 12-வது ஆட்சிமொழி ஆனது. அந்தச் செய்தியை என் மகள் போனில் நாலு தடவை போட்டுப் பார்த்தாள். உடல் குறைபாட்டைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 9-வது பிரிவும் சொல்கிறது. அந்த உரிமையைத்தான் கேட்கிறேன்.

செமஸ்டரின் முதல் நாளிலிருந்தே மொழிபெயர்ப்பாளர் இருக்க வேண்டும். ஒருவரே மணிக்கணக்கில் கை அசைத்தால் சோர்ந்துவிடுவார், பிழையும் வரும்; அதனால் மாற்றி மாற்றிச் செய்ய இருவர் தேவை. அவர்கள் பலகைக்குப் பக்கத்தில் நின்றால்தான் இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். புரொஜெக்டர் போடும்போது விளக்கை முழுவதும் அணைத்தால் கைகள் தெரியாது. கைகளைப் பார்த்துக்கொண்டே குறிப்பும் எழுத முடியாது என்பதால், உடன் படிக்கும் ஒருவருக்குச் சிறு தொகை கொடுத்துக் குறிப்பெடுக்கச் சொல்லலாம். ஸ்லைடுகளை முந்தின நாளே அனுப்பலாம், காட்டும் வீடியோவுக்கு வசன வரி போடலாம்; இந்த இரண்டுக்கும் பெரிய செலவில்லை.

அடுத்த செமஸ்டர் தொடங்கும் முன் இதற்கான உத்தரவைக் கல்லூரிகளுக்கு அனுப்பி, தேவையான நிதியையும் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மகளின் செவித்திறன் பரிசோதனை அறிக்கை நகலை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாணவியின் தாய்