பொங்கல் கபடிப் போட்டிக்கு ஊர் ஏன் துணை நிற்கிறது?

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டுதோறும் இந்தப் போட்டி எதற்கு என்று சென்ற கூட்டத்தில் கேட்கப்பட்டதால், போட்டிக்கான ஊர் வரி கொடுக்கும் வீட்டுக்காரர்களில் ஒருவனாக இதை எழுதுகிறேன்.

ஆண்களுக்கான கபடிக் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டதுதான். ஆனால் அதற்காக மார்கழிக் கடைசியில் நம் பிள்ளைகள் பொட்டல் முழுவதும் சீமைக்கருவேலத்தை வெட்டி, வாய்க்காலில் குடம் குடமாக மொண்டு தண்ணீர் தெளித்து, கல் பொறுக்கி, சுண்ணாம்புக் கோடு இழுப்பதால், ஆண்டு முழுவதும் சிறுவர்கள் வெறுங்காலோடு ஓடக்கூடிய ஒரு திடல் ஊருக்குக் கிடைக்கிறது. ஓராண்டு விட்டாலும் முள் மூடிவிடும்.

திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போனவர்கள் ஊரோடு உறவு விட்டுப்போகாமல் வந்து சேர்வதும் இந்த இரண்டு நாளில்தான். பேச்சுவார்த்தை இல்லாதிருந்த இரு வீட்டார் ஒரே பாயில் அமர்ந்து ஆட்டம் பார்த்ததைப் போன பொங்கலில் கண்டேன். அதை நினைத்தால் இப்போதும் மனம் நிறைகிறது.

1986 வரை நம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த கோவில்பட்டியைப் பாருங்கள். ஹாக்கியை விடாமல் வளர்த்த அவ்வூரின் மாரீஸ்வரன் சக்திவேல், 2022 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடினார். தொடர்ச்சியின் பலன் அது என்பதே என் உறுதியான கருத்து.

ஆகவே இவ்வாண்டு வரியை வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் செலுத்துமாறும், பெண் பிள்ளைகளுக்கும் ஓர் ஆட்டம் சேர்ப்பது பற்றித் தங்கள் கருத்தை இங்கேயே தெரிவிக்குமாறும் அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.